பெட்ரோல் டாங்கிக்கு ஒரு பூட்டு

அறுபதுகளின் ஆரம்பத்தில் திண்டுக்கல் ஜங்ஷன் வாசலில் வாடகைக்கு நின்ற கார்களிலேயே கிழடு என்னுடையதுதான். ஒரு தோல் வியாபாரி ஓட்டிச் சலித்து என் தலையில் கட்டிய வண்டி. ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று கூட நிற்கும் டிரைவர்கள் கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்கள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வரும்.

அந்த வண்டியின் பெட்ரோல் டாங்கி மூடியைப் பழனி ரோட்டில் எங்கோ தொலைத்துவிட்டேன். பெட்ரோல் போட்டபோது கழற்றி மட்கார்டு மேல் வைத்தது, அப்படியே கிளம்பியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பழைய வேட்டித் துணியைச் சுருட்டி டாங்கி வாயில் அடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வாடைதான் தாங்க முடியாது. டாங்கி வாய் பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் வெயில் ஏற ஏற உள்ளே உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். சவாரிக்காரர்கள் திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போய்விடுவேன். அக்காவிடம் அது நடக்கவில்லை.

அக்காவை நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு மல்லிகைத் தோட்டம். இரண்டு முறை வயிற்றில் தங்கி இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது திண்டுக்கல் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், ஊசி போட வேண்டும், பஸ்ஸில் குலுங்கி வரக்கூடாது. அதனால் என் காரில் அழைத்துவரலாம் என்று முடிவானது. முதல் தடவை அழைத்து வந்தபோது ஊரைத் தாண்டுவதற்குள் வாந்தி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவள் துவண்டுபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, இனிமே நான் வரமாட்டேன். வீட்லயே கெடக்கேன். நடக்கிறது நடக்கட்டும்" என்றாள். அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

அந்த மாடலுக்கு மூடி மெட்ராசில்கூடக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். நேராக நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த சிநேகிதனிடம் போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு சேர்ந்து அடி வாங்கியவன். விஷயத்தைச் சொன்னேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான், டாங்கி வாயை விரலால் தடவிப் பார்த்தான், "வாடை வெளிய வரக்கூடாது, அம்புட்டுதான?" என்றான்.

எங்கள் ஊரில் ஒரு சாமான் நல்ல சாமான் என்றால் கெட்டியாக மூடுகிறது என்று அர்த்தம். பூட்டு வாங்க வருகிறவன் அதில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். என் சிநேகிதனும் அந்தப் புத்தியோடுதான் மூடி செய்தான். கனத்த பித்தளை, நடுவில் சாவித்துளை, அடியில் நல்ல ஆட்டுத்தோலில் எண்ணெய் ஊறவைத்த வாஷர். சாவியைத் திருகினால் வாஷர் டாங்கி வாயோடு ஒட்டிக்கொள்ளும். சாவித்துளைக்கு அடியிலும் ஒரு தகடு வைத்து அடைத்திருந்தான். அதே அளவு வாயுள்ள ஒரு டின்னில் தண்ணீர் ஊற்றி, மூடியைப் பூட்டி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு இறங்கவில்லை. பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஜங்ஷனில் வேறு எவன் காருக்குப் பித்தளைப் பூட்டு இருந்தது?

அடுத்த மாதம் அக்கா முந்தானையை மூக்கருகில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏறினாள். செம்பட்டி வருவதற்குள் தூங்கிவிட்டாள். திரும்பிப் போகும்போது பசிக்கிறது என்று இட்லி வாங்கிக் காரிலேயே சாப்பிட்டாள். அப்புறம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்தது.

வண்டிதான் புதுச் சண்டித்தனம் பிடித்தது. டவுனுக்குள் ஒழுங்காக ஓடும். வெளியூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் திக்கித் திக்கி நின்றுவிடும். புளியமரத்தடியில் செத்த நேரம் போட்டுவைத்தால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் பம்பைப் பிரித்து மாட்டினார், பிளக்கை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் "இனி நிக்காது" என்றார். நான் பம்பைத் திட்டினேன், பெட்ரோலைத் திட்டினேன், வண்டியை விற்ற தோல் வியாபாரியின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். மூடியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன்.

மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு நாள் காலையில், மச்சான் தோட்டத்துப் பூவை ஏற்றிவந்த வேன்காரர் ஜங்ஷனில் என்னைத் தேடி வந்தார். அக்காவுக்கு வலி கண்டுவிட்டது, கூடவே ரத்தமும் போகிறது என்றார். வழியில் எதற்கும் நிற்கக்கூடாது என்று டாங்கி வழிய வழிய பெட்ரோல் போட்டுப் பூட்டிக்கொண்டு பறந்தேன். போகும்போதே ஒரு தடவை நின்றது. அக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, மச்சான் அவள் தலையை மடியில் தாங்கிக்கொள்ள, திண்டுக்கல்லை நோக்கித் திருப்பினேன். செம்பட்டிக்கு இந்தப் பக்கமே வண்டி திக்கி நின்றது.

சுற்றிலும் சோளக்காடு. ஒரு வண்டி வாகனம் இல்லை. இத்தனை பெட்ரோலும் எங்காவது ஒழுகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யாத வண்டி, குச்சி விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். சாவியைப் போட்டு மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். பெட்ரோல் நிறைய இருந்தது. பூட்டிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது. கடவுளே என்று ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. இறங்கிப் போய் மறுபடியும் திறந்தேன். மறுபடியும் அதே சத்தம்.

உள்ளே படுத்திருந்த அக்கா, "ஏலே தம்பி" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது மூச்சு இழுக்குதுடா."

"என்னக்கா?"

"தெறக்கிறப்பல்லாம் காத்த உள்ள இழுக்குது. எனக்குத் தலமாட்டுலதான கேக்குது. துணி அடச்சிருந்தப்ப வண்டி நின்னுச்சா?"

நான் மூடியைத் திருப்பி அடியிலிருந்த வாஷரைப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழியில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடைத்துவைத்திருந்தோம். வாடை வெளியே வராத மூடி வழியாகக் காற்று மட்டும் எப்படி உள்ளே போகும்?

மச்சான் தோளிலிருந்த துண்டை உருவிக் கொடுத்தார். டாங்கி வாயில் வைத்தவன், அக்கா முகத்தைப் பார்த்துத் தயங்கினேன். இந்த வாடைக்குப் பயந்துதானே எல்லாம்.

"அடைடா. நாத்தத்த நான் பாத்துக்கிறேன். நீ ரோட்டப் பாரு" என்றாள்.

அடைத்தேன். வண்டி அதற்கப்புறம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நிரம்பிய டாங்கியிலிருந்து துண்டு நனைந்து பெட்ரோல் வாடை கார் முழுக்க ஏறியது. அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நான் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் பின்னாலிருந்து "போடா, போடா" என்றாள். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆயாம்மாக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வராந்தாவில் மச்சானும் நானும் உட்கார்ந்திருந்தோம். உச்சிவெயில் சாய்ந்தபிறகு டாக்டரம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, சின்னதாக இருக்கிறது, ஆனால் நன்றாக அழுகிறது என்றார். தாயும் பிழைத்துக்கொள்வாள் என்றார். மச்சான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டார்.

நான் கும்பிடப் போகவில்லை. நாகல் நகருக்குப் போனேன். மூடியைச் சிநேகிதனின் பட்டறை மேஜையில் வீசி எறிந்து, "உன் பூட்டு இன்னைக்கு எங்க அக்காவக் கொன்னிருக்கும்டா" என்று கத்தினேன். வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முழுவதையும் கேட்டான். மூடியை இடுக்கியில் பிடித்து, கைத்துரப்பணத்தால் நடுவில் ஓர் ஊசித் துளை போட்டுக் கொடுத்தான். முகம் செத்துப்போயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றான். அக்காதான் பார்த்தாள்.

"ஏலே, அங்க என்ன நிக்கிற? உள்ள வா."

"இல்லக்கா, என்னாலதான்..."

"ஒன்னாலதான்" என்றாள் அக்கா. "நீ அந்த மூடியச் செஞ்சு தரலைன்னா மொத மாசத்தோட நான் வாறத நிப்பாட்டியிருப்பேன். ஊசி ஏது, வைத்தியம் ஏது? போன ரெண்டும் போன மாதிரி இவளும் போயிருப்பா. இவன் கத்துனத மனசுல வச்சுக்காத. கையக் கழுவிட்டு வந்து ஒன் மருமகளத் தூக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நேற்றிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, நன்றி சொல்ல வேண்டியவன் அவன் என்பது அப்போதுதான் உறைத்தது. போய் அவன் தோளைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனேன், தண்ணீர் திறந்துவிட்டேன். அவன் நகக்கண்ணெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், பித்தளைக் கறை போகவே இல்லை. அப்படியே வந்து இரண்டு கையையும் நீட்டினான். அக்கா குழந்தையை அதில் வைத்தாள். அது அவனைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனது.