இருபது மில்லிமீட்டர்

பயிற்சிப் பட்டறை டீச்சரின் கைகள் இரும்புக் கட்டையை வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல நெருக்கின. டீச்சர் கண்ணைச் சுருக்கி அளவைப் படித்தார். இருபது மில்லிமீட்டர் இருக்கவேண்டிய தேர்வுக் கட்டை கால் மில்லி கூடுதலாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ராவிட்டு வாம்மா."

வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் மாணவி அரத்தைத் தொடவில்லை. ராவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? ஆளுக்கு ஒரே கட்டைதான். அது கெட்டால் தேர்வும் போச்சு.

"நான் அளந்தப்ப சரியா இருபது இருந்துச்சு டீச்சர். கூடன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யார் எந்த அளவைச் சொன்னாலும் டீச்சர் குடைந்தெடுக்கும் கேள்வி அது. பத்து வருடத்தில் ஒருவரும் அதை அவர் பக்கமே திருப்பியதில்லை.

"வெர்னியர் சொல்லுதே!"

"வெர்னியர 'எப்படித் தெரியும்'னு யாரு கேட்டா?"

டீச்சர் கட்டையை எடுத்துவிட்டு வெறும் தாடைகளை மூடினார். பூஜ்யம் காட்டவேண்டியது கால் மில்லி காட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தாடையில் பொடி இரும்புச் சீவல் ஒன்று ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி, என்னையே மடக்கிட்டியே!" டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இந்த வாய?"

"நீங்கதான் அடிக்கடி மூடச் சொல்லுவீங்க டீச்சர்."

பட்டறையே அதிர்ந்தது. டீச்சர் தாடையைத் துடைத்து மறுபடி அளந்தார். இருபது. அதோடு விடாமல் அடுத்த மேசை வெர்னியரையும் வாங்கி அளந்தார். அதுவும் இருபது. கட்டையில் தேர்ச்சி முத்திரையை ஓங்கி அடித்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.