சயின்டிஸ்ட் மாப்பிள்ளையும் ஏழும்

என் தங்கை புருஷனுக்குத் தொழிற்சாலையில் சயின்டிஸ்ட் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர். அவனோ அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறான். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு தயாரிக்கிற இடம் அது. நான் அங்கே எலக்ட்ரீஷியன். தங்கை, பாட்டிலில் நிரப்பும் வரிசையில் நிற்கிறாள். இவன் ஆய்வகம். ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தண்ணீர்த்தொட்டி, நாலு பீக்கர், ஒரு பி.எச். மீட்டர், அவனுடைய வெள்ளைக் கோட்டு. சாப்பிடும்போதுகூட அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டான்.

சோப்புக்கு அமிலத்தையும் காரத்தையும் கலக்கிறார்கள். இரண்டும் சரிக்குச் சரி ஆனால் மீட்டர் ஏழு காட்டும். அமிலம் கூடினால் எண் இறங்கும், காரம் கூடினால் ஏறும். பதினொன்று வரை போனால் சோப்பு தோலைத் தின்ன ஆரம்பித்துவிடும். கலவையில் ஒரு பீக்கர் எடுத்து, நுனியில் கண்ணாடிக் குமிழ் வைத்த மீட்டர்க் குச்சியை, அதாவது எலக்ட்ரோடை, அதில் முக்கி, எண்ணைப் பார்த்து, "நிரப்பலாம்" என்று சொல்ல வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை.

அந்தக் குமிழ் முட்டையோட்டைவிட மெல்லியது. எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். இவன் மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல் துணியால் அழுத்தித் தேய்த்து, உலர்த்தி, மேஜை டிராயரில் பூட்டி வைப்பான். சுத்தமாம். ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"நீங்க ஒயரைப் பாருங்க மச்சான். இது கெமிஸ்ட்ரி," என்றான்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று தினம் காலையில் பார்ப்பதற்கு மூன்று பாட்டில்கள் உண்டு. ஒன்று நாலு காட்ட வேண்டிய திரவம், ஒன்று ஏழு, ஒன்று பத்து. இவன் ஏழில் மட்டும் முக்குவான். "நம்ம சரக்கு ஏழுதானே, மத்தது நமக்கெதுக்கு?" நாலும் பத்தும் சீல் உடைக்காமல் அலமாரியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தன.

ஒன்றரை வருடமாகத் தங்கையின் கை தோல் உரிகிறது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள். வரிசையில் நின்ற இன்னும் மூன்று பெண்களுக்கும் அதே கதை. சோப்பில்தான் கோளாறு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, இவன் மீட்டரைத் தட்டிக் காட்டினான். கடைசியில் ஒரு காரியம் செய்தான் பாருங்கள். மேனேஜரம்மாவுக்கு எழுதிக் கொடுத்தான்: சரக்கு ஏழு, ஆகவே சரக்கில் குற்றமில்லை, என் மனைவிக்குத் தோல் வியாதி, அவளிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவுகிறது. பதினோரு வருடம் வேலை பார்த்தவளைச் சனிக்கிழமையோடு நிறுத்துவதாகக் கடிதம் தயாராகிவிட்டது.

இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவன் நான்தான். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தங்கையைக் கூட்டிக்கொண்டு மேனேஜரம்மா அறைக்குப் போனேன். இவனை மீட்டரோடு வரச் சொன்னார்கள். கூடவே அந்த இரண்டு பாட்டிலையும் கேட்டேன். சீலை நானே உடைத்து, நாலில் எலக்ட்ரோடை முக்கினேன். மீட்டர் 7.0 என்றது.

"கொஞ்சம் டைம் எடுக்கும் மேடம்," என்றான். காத்திருந்தோம். 7.0. பத்தில் முக்கினேன். 7.0.

"பாட்டில் பழசு மேடம். கெட்டுப்போயிருக்கும்."

மேனேஜரம்மா லேபிளைத் திருப்பிப் பார்த்தார். காலாவதி ஆக இன்னும் எட்டு மாதம் இருந்தது.

குமிழைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினேன். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். "இது உடைஞ்சா எதுல முக்கினாலும் ஏழுதான் மேடம் காட்டும். இவரு ஏழுல மட்டும் செக் பண்றதால, ஒவ்வொரு நாளும் பாஸ் ஆயிடுச்சு."

பிறகு கடையில் வாங்கிவந்த சோதனைக் காகிதத்தை அன்றைய சோப்பில் நனைத்தேன். கருநீலம். காகிதத்தோடு வந்த நிற அட்டையில் அந்த நிறத்துக்கு நேரே பதினொன்று.

"பேப்பரெல்லாம் ஸ்கூல் பசங்க சமாச்சாரம் மேடம்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள இவனுக்கு யாருமே உதவ வேண்டியதில்லை. பழைய பக்கங்களில் 6.8, 7.3, 7.1 என்று எண்கள் மாறி மாறி இருந்தன. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக 7.0.

"பாருங்க மேடம், ஒன்றரை வருஷமா ஒரு புள்ளி நகரல. இவ்வளவு கரெக்டா யாரு வேலை செய்வாங்க?"

 மேனேஜரம்மா மேஜையிலிருந்த வேலைநீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வரிசையை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தார்.

தங்கை அவன் கையிலிருந்த பதிவேட்டைக் காட்டிக் கேட்டாள்.

"ஏங்க, பாப்பாவை ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கு எனக்கு ரெண்டு நகம் கழண்டு விழுந்துச்சே. அன்னிக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். தேதியைக் கண்டுபிடித்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, அன்னிக்கும் ஏழுதான்."