மறதிச் சோதனை

1949இல் ஷகீலாவுக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் வீடு. கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் பி.ஏ. மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமானதும் நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை. மாப்பிள்ளை நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். காலையில் மாணவிகளை ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் மட்டும் கையில் வேலை ஓடாது.

அவளுடன் படித்த லூயிசா சனிக்கிழமைகளில் சாந்தோமிலிருந்து வருவாள். செய்முறைப் பாடத்துக்குச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

"உன்ன விட்டா யாருடீ எனக்குப் பொறுமையா உக்காருவா?"

அந்த ஒரு மணி நேரம் வகுப்பே வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மறதிச் சோதனை. டவ், கெப், லூஜ், ஃபிம் என்று பொருளில்லாத பன்னிரண்டு ஒலிகளை லூயிசா அட்டை அட்டையாகக் காட்டினாள். மனப்பாடமானதும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் எத்தனை மறந்தன என்று பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் ஷகீலா பன்னிரண்டையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். லூயிசா பென்சிலைக் கீழே போட்டாள்.

"இன்னா பாடம்மா இது?" என்றாள் ஷகீலாவின் அம்மா ஹாஜிரா பீ. "சட்டி தாளிக்கறப்போகூட லூஜு லூஜுனு முணுமுணுத்துக்கினு கீறா. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கேட்டா இன்னா நெனப்பாங்க?"

"அடிப்பாவி, வாரம் பூரா சொல்லிப் பாத்தியா? நீ மறந்தாதான்டீ எனக்கு கிராஃப்ல கோடு போட வரும்" என்றாள் லூயிசா. "போ, எங்க சித்திகிட்ட செஞ்சுக்கறேன். அவங்க அடுப்புல பால் வெச்சதையே மறந்துடுவாங்க."

ஷகீலா சிரித்தாள். பிறகு லூயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற அட்டை போடு. இந்தத் தடவ மறந்துடறேன்."

புதிய ஒலிகளையும் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டாள், உதடு அசையாமல். சனிக்கிழமை நான்கைச் சொன்னாள். ஐந்தாவது ஒலி நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினாள்.

"அவ்வளவுதான்."

லூயிசா தாளில் கோடு போட்டாள். அது சரிந்து இறங்கியது.

"புஸ்தகத்துல இருக்கற மாதிரியே வந்திருக்கு, பாரு! இத்தோட என் சோதனையெல்லாம் முடிஞ்சுது."

"அடுத்த சனிக்கிழமை?"

"பரீட்சைக்குப் படிக்கணும்டீ. உன் நிக்காஹ்வுக்கு முன்னாடியே வந்து நிப்பேன், பாரு."

ஷகீலா வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் ஞாபகமிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோடு கெட்டுவிடும்; லூயிசா மறுபடியும் வருவாள்.

தெருவில் லூயிசா தாள் மடங்காமலிருக்க இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

ஷகீலா கூப்பிடவில்லை.