நோஞ்சான் பருந்து

வேப்பந்தட்டை பஞ்சவர்ணம், தன் கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத நாளில்லை. இந்த வருடம் மழை பொய்த்து மக்காச்சோளம் பாதி கருகியது. மிச்சத்தையாவது காப்பாற்ற, வரப்பெல்லாம் எலி மருந்து வைத்தாள்.

அவள் வயலோர வேப்பமரக் கூட்டிலிருந்த பருந்துக்குஞ்சை எடைபோட்ட ஆராய்ச்சி மாணவி பூவிழி, "ரொம்ப நோஞ்சானா இருக்குக்கா. தவளை, ஓணான் ஒண்ணும் கெடைக்கல. மருந்து தின்ன எலியத்தான் தாய் ஊட்டியிருக்கு" என்றாள்.

பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது. "என் வூட்டுக் கோழியத் தின்னுட்டு நோஞ்சானா இருந்தா எனக்குல்ல கேவலம்!"

அன்றே செத்த எலிகளையும் மருந்தையும் பொறுக்கிப் புதைத்தாள்.

ஒரு மாதத்தில் தேறிப் பறந்த குஞ்சு, முதல் வேலையாக அவள் சேவல்குஞ்சைத் தூக்கியது. பஞ்சவர்ணம் பருந்துக்குஞ்சை ஏற இறங்கப் பார்த்தபடி மண்ணை வாரித் தூற்றினாள்.

"நாசமாப்போறது! இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கு."