ஜன்னல் வழியாகப் போட்ட பைபிள்

எங்கள் சபையின் உபதேசியார் ஒல்லியான மனிதர். சட்டைக் காலரின் பின்னால் குடையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் எப்போதும் நின்றுகொண்டேதான் வருவார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். எவ்வளவு தாழ்மை என்று வியந்துபோவேன்.

என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். மயிலம் பக்கத்து ஜெபக்கூட்டத்தில் நான் முதல்முதலாகப் பேச, அவர்தான் அழைத்துப் போனார். திண்டிவனத்தில் பஸ் வந்ததும் எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். என்னிடம் துண்டு இல்லை. பைபிளைப் போட்டேன். ஏறிப் பார்த்தால், கைக்குழந்தையோடு ஒரு பெண் அங்கே உட்காரப் போகிறாள்.

“எடம் புடிச்சாச்சும்மா, பைபிள் இருக்குது பாரு!” என்று கத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உபதேசியார் குனிந்து கேட்டார்: “இன்னிக்கி எத்தப் பத்திப் பேசப் போறீங்க?”

“மனத்தாழ்மையப் பத்திங்க.”

“நல்லாப் பேசுங்க. இந்தம்மாவும் நம்ம கூட்டத்துக்குத்தான் வர்றாங்க.”

துள்ளி எழுந்து அவளுக்கு இடம் விட்டேன். கூட்டத்தில் அவள் முன்வரிசையில் இருந்தாள். நான் பேசியது இரண்டே நிமிஷம்.

திரும்பும்போது பஸ் காலி. உபதேசியாரைப் போலவே நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு மூலம்ங்க, உக்கார முடியாது. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?” என்றார்.

உட்கார்ந்தேன். அவர் சொன்னது நிஜமா, என்னை உட்காரவைக்கச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.