மூத்தார் காரின் பித்தளை நட்டு

என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். என்னால் முடியாது.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த கார் அவருடையதுதான். யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய சீமை வண்டி. தாமே ஓட்டுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்க, பானெட்டுக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் டக் டக்கென்று அடிக்கும். வேண்டியது நிறைந்ததும் தானாக அடங்கிவிடும்.

என் கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் வந்து இறங்கினார். அச்சன்புதூரில் பந்தலுக்கு முன்னால் நின்ற என் அப்பா, "இதுக்கு எங்க வண்டி மாடு தேவலையே! அது இம்புட்டு சத்தம் போடாதுல்லா" என்றார். பந்தலே சிரித்தது. அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. மூத்தாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் நம்பினோம்.

இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் ஒரு காலை, அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, என்னைத் தேடுகிறார் என்று ஆள் வந்தது. என் கணவர் அண்ணனிடம் ஓடினார். மூத்தார் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்து எதையோ பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். பம்ப் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அடங்கவே இல்லை.

"பம்பு போச்சுலே. சத்தம் கேக்குல்லா? திருநவேலிலருந்து ஆளு வரணும். இத எடுத்துட்டுப் போனா நடுவழில நிக்கும்."

மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு போனோம். ஊர் எல்லையிலேயே சங்குச் சத்தம் கேட்டது.

மறுவாரம் அதே கார் வீரகேரளம்புதூருக்கு, அவருடைய மாமனார் வீட்டுக்கு, ஜம்மென்று போய் வந்தது. ரிப்பேர் ஆகிவிட்டதாம். எந்த ஆளும் வந்து நான் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னேன். "அண்ணன் அப்படிச் செய்வானா? துக்கத்துல என்னத்தையாவது பேசாத" என்று அடக்கினார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் பிடித்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பும் காலையிலும் பம்ப் ஓயாமல் அடித்தது. கையை விரித்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மூத்தார் பலகாரம் சாப்பிடப் போனார். நான் பானெட்டைத் தூக்கினேன். டாங்கிலிருந்து வரும் குழாயைத் தடவிக்கொண்டே போனால், பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு பித்தளை நட்டு விரலுக்கே ஆடியது. விளிம்பில் ஸ்பேனர் பட்ட கீறல் புதிதாகப் பளபளத்தது. விரிசல் விட்ட பப்பாளி இலைக் காம்பைக் குழலாக வைத்துத் தண்ணீர் உறிஞ்சினால் காற்றுதான் வரும். இதுவும் அப்படித்தான். இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் தட்டிவிட்டு அடங்கியது.

கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். 'அட, தற்செயலா சரியாயிட்டே' என்பார். என் கணவரும் நம்புவார். ஆகவே நட்டைப் பழையபடி தளர்த்தி வைத்துவிட்டு மாட்டுவண்டியில் போனேன்.

அடுத்த சாரலுக்கு மூத்தார் தம் மாமனாரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். நாங்களும் கூடப் போனோம். எல்லோரும் அருவிக்குப் போக, துணிமணிக்குக் காவலாக நான் காரடியில் நின்றேன். சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் இருந்தது.

ஈரத் துண்டோடு வந்து ஏறினார்கள். சாரல் வலுத்து மாமனாருக்குப் பல் தந்தியடித்தது. மூத்தார் சாவியைத் திருப்பினார். டக் டக் டக் டக்.

"ஐயோ, திருநவேலிலருந்துல்லா ஆளு வரணும்!" என்று என் கணவர் பதறினார்.

"என்ன மாப்ளே, இங்கனயே கெடக்க வேண்டியதுதானா?" என்றார் மாமனார்.

மூத்தார் யோசிக்கவே இல்லை. குதித்து இறங்கி, பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் ஒரே திருகு. பம்ப் அடங்கியது. "ஒண்ணுமில்ல மாமா, நட்டு லேசாத் தளந்துட்டு" என்று சிரித்தபடி திரும்பினார்.

என் கணவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கி இந்த நட்டு தெரியலையாண்ணே?" என்றார்.

மூத்தார் குனிந்து ஸ்பேனரைத் துண்டில் துடைத்தார். கணவரின் அண்ணனுக்கு எதிரே நின்று பேசும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. நான் பேசினேன்.

"நான்தான் தளத்தி வச்சேன். நீங்க எம்புட்டு வெரசாச் சரி பண்ணுதீயன்னு இவுக பாக்கணும்லா."

ஆவணி பிறந்ததும் தனி அடுப்பு வைத்தோம். என் கணவர் அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. பல வருஷம் கழித்து மூத்தார் படுத்த படுக்கையானார். தம்பியைத் தேடுகிறார் என்று ஒருநாள் ஆள் வந்தது. என் கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"போயிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.