அண்ணி நிறுத்திய மெஷின்

ஏரிக்குள் சீமைக்கருவேல மரங்களை வெட்டி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் எனக்கு அன்று ஷிப்டு இல்லை. அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கரைமேல் போய்க்கொண்டிருந்தேன். மரம் அறுக்கும் மெஷினின் இரைச்சல் திடீரென்று உச்சத்துக்கு ஏறி நின்றது. அடுத்து கேட்டது அண்ணனின் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், வலது தொடையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி வெட்டிப் போட்ட கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம். அறுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினின் செயின் கழன்று வந்து அவரை அடித்திருந்தது.

அரியலூரில் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. இருபது வயதிலிருந்து மரம் வெட்டிய மனிதர், பக்கத்துத் தெருவில் மெஷின் சத்தம் கேட்டாலே எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். "அந்தச் சனியனத் தூக்கிக் கெணத்துல போடு" என்பார். எங்கள் வீட்டில் அப்போது சமையல் சத்தம்கூடக் குறைந்துபோயிருந்தது.

அண்ணிக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவர். எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ளாத குணம் அவருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நேரம் சரியில்லை, கண் பட்டிருக்கும், ஏரிக்குள் இறங்கிய நாள் சரியில்லை. அண்ணி காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்: "நேரம் சரியில்லன்னா செயின் ஏங்க கழலணும்?" பெரியம்மா, "இவ ஒருத்தி" என்று முணுமுணுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், அண்ணி வாசலில் சாக்கை விரித்து மெஷினை அதன்மேல் வைத்தார். "தம்பி, இதத் தொறக்கணும். ஸ்பேனர் எடுத்துட்டு வாங்க."

திறந்தோம். செயின் ஒரு நீளமான தகட்டைச் சுற்றி ஓடுகிறது. அந்தத் தகட்டுக்கு 'பார்' என்று பெயர். பாரின் விளிம்பில் சுற்றிலும் ஒரு பள்ளம். செயினின் அடிப்பற்கள் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ஓட வேண்டும். அண்ணனின் மெஷினில் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை மெழுகு மாதிரி அடைத்திருந்தன. விளிம்புகள் தேய்ந்து அகன்றிருந்தன. செயினை இழுக்கும் பல்சக்கரமும் தேய்ந்து மழுங்கியிருந்தது. கழன்ற செயினைப் பிடித்து நிறுத்துவதற்கென்று அடியில் இருக்க வேண்டிய கொக்கி எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. அண்ணி ஒரு குச்சியால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய் அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏங்க, உங்க நேரத்துல ஒண்ணும் கொறையில்ல. மெஷினோட பாரு தேஞ்சுபோச்சு. அவ்ளோதான்."

"இத எதுக்குடி எங்கிட்ட சொல்ற?"

"எல்லாரும் உங்க நேரத்து மேல பழி போடுறாங்களே, அதுக்குத்தான்."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அரியலூரில் ஒரு மெக்கானிக்கிடம் மெஷினைக் கொண்டுபோனோம். தேய்ந்ததை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். அண்ணி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். "புதுச் செயின் மொதல்ல நீளும்ங்க. சூட்டுல தொங்கும். கொஞ்சம் அறுத்துட்டு நிறுத்திப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். இறுக்கும் விதத்தையும் காட்டினார். நட்டைத் தளர்த்தி, பாரின் மூக்கை, அதாவது நுனியை, மேலே தூக்கிப் பிடித்தபடியே ஸ்குரூவைத் திருக வேண்டும். செயின் பாரோடு ஒட்டி உட்கார வேண்டும், ஆனால் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். பிறகு மூக்கை இறக்காமலே நட்டை முடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி அதை எத்தனை முறை செய்துபார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் மெஷின் சாக்கின்மேல் பிரிந்து கிடக்கும்.

பிறகு கொல்லையில் கிடந்த கட்டைகளை அறுக்க ஆரம்பித்தார். என் ஆலை ஷூவை உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டும் என்னுடையதுதான். தெருவில் சிரித்தார்கள். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் மெஷினைக் கையில் எடுத்ததுமே அண்ணன் கிளம்பிக் கோயில் பக்கம் போய்விடுவார், அதுதான் அண்ணியை வருத்தியது. "உங்க அண்ணன் என்னைத் திட்டுனாக்கூடத் தேவல தம்பி" என்று ஒருநாள் சொன்னார்.

அந்தக் கோடையில் ஒரு பிற்பகல், மழைக்கு முன்னால் சூறைக்காற்று அடித்தது. உபதேசியார் வீட்டு வேம்பு வேரோடு சாய்ந்து ஓட்டு வீட்டின்மேல் விழுந்தது. உபதேசியார் என்றால் எங்கள் ஊரில் செபம் சொல்லிக்கொடுத்துக் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். உத்தரம் இறங்கி அவர் கால்களை அழுத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் மரம். உள்ளேயிருந்து அவர் செபமாலை சொல்லும் குரல் விட்டு விட்டுக் கேட்டது. தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். ஆனால் வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது.

அண்ணி மெஷினோடு வந்தார். மரம் மேலும் இறங்காமல் இருக்க, அடியில் கவட்டைக் கட்டைகளை முட்டுக்கொடுக்கச் சொன்னார். கிளைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தார். நாங்கள் இழுத்துப் போட்டோம். கடைசியில் சுவரோரம் அடிமரத்துக்கு வந்தார். பாதி அறுத்திருப்பார், மெஷினை அணைத்துவிட்டார்.

புதுச் செயின் பாருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நிறுத்தாதீங்க! அப்பா சத்தமே இப்பக் கேக்கல!" உபதேசியாரின் மகன் கத்தினார். கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். "அறும்மா, அறு!"

"செயின் கழண்டுச்சுன்னா அவரக் காப்பாத்தவும் ஆளில்ல, என்னக் காப்பாத்தவும் ஆளில்ல. கொஞ்சம் இருங்க" என்றார் அண்ணி. நட்டைத் தளர்த்திவிட்டார். சாய்வான மரத்தின்மேல் மெஷின் நிற்காமல் வழுக்கியது. மூக்கைத் தூக்கினால் ஸ்குரூவைத் திருக முடியவில்லை. நான் நகர்வதற்குள் கிளை இழுக்க நான் வைத்திருந்த கையுறையை யாரோ பிடுங்கினார்கள்.

அண்ணன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உறையை மாட்டிக்கொண்டு, சூடாக இருந்த அந்தப் பாரின் மூக்கைப் பிடித்துத் தூக்கினார்.

"நீ திருப்பு. நான் புடிச்சிருக்கேன்."

அண்ணி திருகினார். அண்ணன் செயினைக் கையால் இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். "போதும். நட்ட முடுக்கு." அண்ணி முடுக்கியதும், "இப்ப அறு" என்றார். மெஷின் கிளம்பியபோது அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டதை நான் பார்த்தேன். ஆனால் அங்கிருந்து போகவில்லை.

அடிமரம் துண்டாகி வந்தது. எல்லோரும் சேர்ந்து உத்தரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். உபதேசியாருக்கு ஒரு கால் முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது, "செபமாலையில பாதி மணிதான் ஆச்சு, மிச்சத்த நீங்க சொல்லிடுங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, அண்ணன் அந்த மரத்துண்டின்மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே மெஷினை மடியில் எடுத்து வைத்து நட்டைத் தளர்த்தினார். "சூட்டுல இறுக்குனது. ஆறினா செயின் சுருங்கிப் பாரை நெரிக்கும்" என்றார், பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெல்மெட்டுக்கு அடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினார்.

இப்போது இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். உபதேசியார் கைத்தடியோடு கோயிலுக்கு வருகிறார். போன வாரம் வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பில் காய்ப்பு நின்ற முந்திரி மரங்களை எடுத்துவிட்டுப் புதுக்கன்று வைக்கும் வேலை. நானும் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் தொடையிலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கப்புறமும் மெஷினத் தொடுறீங்களே, பயமா இல்லையா?" என்று தோப்புக்காரர் கேட்டார்.

"பயம் இல்லாம என்னங்க? இருக்கு" என்றார் அண்ணன். "அதனாலதான் நிறுத்தி நிறுத்திப் பாக்குறோம்."

அண்ணி அடுத்த மரத்தின் அடியில் குனிந்து, வெட்டவேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பேசிக்கிட்டே நின்னா எப்ப கன்னு வைக்கிறது? வாங்க" என்றார்.